பாரம் கிராணியார்

பீடோங், லூனாஸ், பாடாங் செராய் என்று கெடாவில் எந்தப் பக்கம் போனாலும் தாமானுக்கு ஒரு பாரம் கிராணியார் இருப்பார். தோட்டம் வீடமைப்புப் பகுதி ஆனபோது அவருடைய கிராணி வேலை போயிற்று, பட்டம் போகவில்லை. சட்டைப் பையில் இரண்டு பேனா. ஒன்று கறுப்பு. அது எழுதாவிட்டால் இன்னொன்று, அதுவும் கறுப்பு.

எஸ்பிஎம், எஸ்டிபிஎம் முடிந்து யுபியூ வழியாகப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால், கோயிலுக்கு அடுத்து, பிடிபிடிஎன் கல்விக் கடன் பாரம் நிரப்பப் பிள்ளைகளைக் கூட்டிப்போவது இவர் வீட்டுக்குத்தான்.

"அண்ணே, பொண்ணுக்கு சிந்தோக் யூனிவர்சிட்டில கிடைச்சிருச்சு!"

"ஸ்லிப் காஜி எங்கம்மா?"

வாழ்த்து அவ்வளவுதான். அந்தச் சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம் எல்லாவற்றிலும் மூன்று நகல் கேட்பார். நகலைச் சரிபார்த்து முத்திரை குத்தும் தலைமையாசிரியர், இவர் மோட்டார் சத்தம் கேட்டதுமே மைப்பெட்டியைத் திறந்துவிடுவார்.

கையெழுத்துக்கு முன்னால் சரித்திரப் பாடம் உண்டு. 1960இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளிகளிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணத்தில் நம் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கியதில் ஆரம்பிப்பார். 1984இல் எம்ஐஇடி கல்வி நிதி, 1997இல் பிடிபிடிஎன், 2001இல் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் என்று வந்து சேர்வதற்குள் தே ஓ ஆறிவிடும். எழுந்து போகவும் முடியாது. பாரம் அவர் கையில்.

இப்போது எல்லாம் இணையத்தில் என்றார்கள். கிராணியார் அசரவில்லை. பையன் கைபேசியைத் தட்ட, பக்கத்தில் உட்கார்ந்து, "ஹந்தார அமுக்காதடா, முதல்ல அப்பா பேரைப் படி!" என்று அதட்டுவார். அனுப்பிய பிறகும் பிரிண்ட் எடுக்க வேண்டும். மூன்று.

கடன் கிடைத்ததும் விட்டுவிடுவார் என்று நினைக்கக் கூடாது. தரப்புள்ளி 2.00க்குக் கீழே இறங்கினால் அடுத்த பருவத்துப் பணம் நின்றுவிடும் என்பது அவருக்குத் தெரியும். அதனால் கல்யாணப் பந்தியில் சாம்பார் ஊற்றும்போதே, "இந்த செமஸ்டர் எவ்வளவு?" என்பார். தைப்பூசக் கூட்டத்தில் அவரைக் கண்டதும் ரதத்துக்குப் பின்னால் மறைகிற பையன் 1.9 வாங்கியவன் என்று ஊரே முடிவு கட்டிவிடும்.

முதல் வகுப்பில் தேறி, நிபந்தனைகளுக்கும் உட்பட்டால், கடனைத் திருப்பிக் கட்ட வேண்டாம் என்று விலக்குக் கேட்கலாம். அப்படித் தேறிய பெண் இனிப்போடு வந்து காலில் விழுந்தால், "நல்லா இரும்மா. அதுக்கும் ஒரு பாரம் இருக்கு, உட்காரு" என்பார்.

காசு வாங்க மாட்டார். வேலைக்குப் போன பிள்ளைகளிடம் கேட்பது ஒன்றே ஒன்று: மாதத் தவணையை ஒழுங்காகக் கட்டு. அது நியாயமான கட்டணம்தான். நீங்கள் கட்டுகிற பணத்தில்தான் அடுத்த வருஷம் அவர் திண்ணையில் உட்காரப்போகும் பிள்ளை படிக்க வேண்டும். பாக்கி வைத்திருப்பவர்கள் இந்த மாதமே கட்டிவிடுங்கள்.