காரக்குறுக்கம்

பாயிரம்

ஐகாரம் தனக்குரிய இரண்டு மாத்திரையிலிருந்து குறைந்து ஒலித்தால் அது ஐகாரக்குறுக்கம். மகரம் அரை மாத்திரையிலிருந்து கால் மாத்திரைக்கு இறங்கினால் மகரக்குறுக்கம். ஆய்தத்துக்கும் அதே கதிதான். இவற்றையெல்லாம் பரீட்சைக்கு முதல் நாள் மனப்பாடம் செய்து, பரீட்சைக்கு மறுநாள் மறந்தவர்கள் நாம். ஆனால் பதின்மூன்று அடி நீளமுள்ள கார் மூன்றரை அங்குலமாகக் குறுகிக் கண்ணாடி அலமாரிக்குள் போய் நிற்கும் காரக்குறுக்கத்தைப் பற்றி எந்த இலக்கண நூலும் வாய் திறக்கவில்லை. அந்நூலாசிரியர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்கள் காலத்தில் கார் என்றால் மழை. அக்குறை தீர எழுந்தது இந்நூல்.

நூல் செய்தவன் தகுதி: அலமாரி இரண்டு, கட்டிலுக்கடியில் பெட்டி ஏழு, கட்டி முடித்த கிட் மூன்று. தன்னைத் தானே புகழக்கூடாது என்பது பாயிர மரபு. புகழ ஒன்றுமில்லாததால் மரபை மீறும் வாய்ப்பு எனக்கு வரவில்லை.

நூல் கேட்போர் யாரெனின், வீட்டுக்கு வந்து அலமாரியைப் பார்த்து, "இதெல்லாம் பசங்களுக்கா?" என்று கேட்கும் விருந்தினர். நூற்பயன் யாதெனின், அவர்கள் இரண்டாம் முறை அதைக் கேளாதிருத்தல்.

அளவியல்

காரக்குறுக்கத்தின் அளவு பின்னத்தால் சொல்லப்படும். 1/18, 1/24, 1/43, 1/64 ஆகியவை பெருவழக்கு. எண் ஏற ஏற உருவம் இறங்கும். இதை ஒரே தடவையில் விளங்கிக்கொண்டவர் யாருமில்லை. என் மைத்துனர் ஐந்து ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்: "அறுபத்து நாலு பெரிசுதானே, அப்புறம் ஏன் இத்தனூண்டு இருக்கு?"

கீழ்வாய் இலக்கம் வழக்கில் இருந்திருந்தால் இந்தச் சிக்கல் வந்திராது. 1/20 ஒரு மா, 1/16 மாகாணி, 1/8 அரைக்கால் என்று வாய்ப்பாடு ஒப்பித்த திண்ணைப் பள்ளிப் பிள்ளைக்கு, ஜப்பானியத் தமியா நிறுவனத்தின் 1/20 பார்முலா ஒன் கார்கள் வெறும் 'ஒரு மா' கார்கள். இத்தாலியின் டூரின் நகரத்துப் போச்சர் நிறுவனம் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்புகளோடு விற்ற 1/8 ரோல்ஸ் ராய்ஸ் ஓர் 'அரைக்கால்' கார். அரைக்கால் சட்டை வயதில் கிடைக்காததை அரைக்கால் காரில் தேடுவோர் உண்டு. அவர்கள் எங்கே வைக்கிறார்கள் என்பது தனி ஆராய்ச்சி.

43 என்ற எண்ணைக் கேட்டதும் புலவர்களுக்குப் பதினெண்கீழ்க்கணக்கின் 'கார் நாற்பது' நினைவுக்கு வரும். அதற்கும் இதற்கும் மூன்றுதான் வித்தியாசம். ஆனால் இந்த எண் மழையில் முளைத்ததல்ல, தண்டவாளத்தில் பிறந்தது. பிரிட்டனில் ஓ கேஜ் பொம்மை ரயிலை ஓர் அடிக்கு 7 மில்லிமீட்டர் என்ற கணக்கில் செய்தார்கள். ஓர் அடிக்கு 304.8 மில்லிமீட்டர். அதை 7-ஆல் வகுத்தால் நாற்பத்து மூன்றரை. லிவர்பூலில் பிராங்க் ஹார்ன்பியின் மெக்கானோ நிறுவனம், தன் ரயில்களுக்குப் பக்கத்தில் நிறுத்திவைக்க 1933-இல் சில வண்டிகளை வார்த்தது. மறு ஆண்டே அவை டிங்கி டாய்ஸ் என்று பெயர் பெற்றன. ரயிலுக்குத் துணையாக வந்த வண்டி ரயிலையே மறக்கடித்தது. கல்யாணத்துக்குத் துணைக்கு வந்தவரை மாப்பிள்ளையாக்கிய கதைகள் நம் ஊரிலும் உண்டு.

1/24 என்பது அடிக்கு அரை அங்குலம். அவ்வளவுதான், அதில் கதையில்லை.

இனி, அளவே இல்லாத அளவு ஒன்று உண்டு. பெட்டியளவு என்பது அதன் பெயர். லண்டனில் லெஸ்னி நிறுவனத்தின் ஜாக் ஓடெல்லுக்கு ஒரு மகள். தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையைத்தான் கொண்டுவரலாம் என்பது அவள் பள்ளியின் விதி. அப்பா ஒரு ரோடு ரோலரைத் தீப்பெட்டிக்குள் அடங்கும்படி செய்துகொடுத்தார் என்பர். அதிலிருந்து 1953-இல் கிளைத்ததுதான் மேட்ச்பாக்ஸ் வரிசை. பெட்டி எவ்வளவோ அவ்வளவு வண்டி என்பது இங்கே விதி. ஆகவே டபுள் டெக்கர் பஸ்ஸும், சிமென்ட் கலக்கும் லாரியும், இரண்டு பேர் உட்காரும் காரும் ஏறக்குறைய ஒரே நீளம். தளை தட்டாதிருக்கச் சொல்லின் வாலை நறுக்கும் வெண்பாப் புலவர்களுக்கு இம்முறை மிகவும் பிடிக்கும்.

எல்லாம் குறுகுமா எனின், குறுகா. குறுகாதவற்றுள் முதலாவது பெயின்ட். உண்மைக் காரின் மேல் உள்ள மொத்தப் பூச்சு சுமார் 0.1 மில்லிமீட்டர். 1/24-இல் அது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் நான்கு பங்காக வேண்டும். கைதேர்ந்தவர் ஏர்பிரஷ்ஷில் மூச்சைப் பிடித்து அடித்தாலும் பிரைமர், நிறம், கிளியர் மூன்றும் சேர்ந்து 0.05 மில்லிமீட்டரில் நிற்பது அரிது. பெரிதாக்கிப் பார்த்தால் அந்தக் காரின் மேல் ஒன்றேகால் மில்லிமீட்டர் கனத்துக்கு வண்ணம் அப்பியிருக்கிறது. கதவு இடுக்குகள் அடைபட்டு, தீபாவளிக்கு நாலாவது முறை எனாமல் அடித்த ஜன்னல்போல ஆவது இதனால்தான்.

இரண்டாவது எடை. 1,100 கிலோ உள்ள காரை 1/18 ஆக்கினால் நீளம், அகலம், உயரம் மூன்றும் பதினெட்டில் ஒன்றாகும். எடை 5,832-இல் ஒன்றாகி 190 கிராமுக்கு வரவேண்டும். கடையில் வாங்கும் உலோகக் கார் அரைக் கிலோவை எளிதில் தாண்டும். கையில் வைத்துப் பார்த்து, "நல்லா கனமா இருக்கே" என்று மெச்சுகிறோமே, அந்த மெச்சல் இலக்கணப்படி பிழை. மூன்றாவது தூசி. நான்காவது விலை. பின்னிரண்டும் விளக்கம் வேண்டா.

பதவியல்

பதம் இரண்டு வகை: பகாப்பதம், பகுபதம். டைகாஸ்ட் கார் பகாப்பதம். வாங்கியபடியே நிற்கும், பிரித்தால் பொருள் தராது. கிட் பகுபதம். பாலிஸ்டைரின் சட்டத்தில், அதாவது ஸ்ப்ரூவில், கொடியில் காய்த்த அவரைக்காய்போல உறுப்புகள் தொங்கும். வெட்டி எடுத்து, பிசிறு சீவி, ஒட்ட வேண்டும்.

பகுபத உறுப்புகள் ஆறும் இங்கும் உள. பாடி பகுதி. கடைசியில் வரும் பின் பம்பர் விகுதி. இரண்டுக்கும் நடுவே சேஸி இடைநிலை. சந்தி என்பது ஒட்டும் சிமென்ட். சந்தி என்ற பெயர் இதற்குப் பொருந்துவதுபோல வேறெதற்கும் பொருந்தாது. ஏனெனில் இந்தத் திரவம் பசைபோல இடையில் நின்று பிடிப்பதில்லை. இரண்டு பக்கத்துப் பிளாஸ்டிக்கையும் இளக்கி ஒன்றாக்கிவிட்டு, தான் ஆவியாகிப் போய்விடும். கல்யாணத் தரகர்கள் கவனிக்க. சாரியை, இடைவெளியை நிரப்பும் பட்டி. விகாரம் நாம் செய்து முடித்தபின் தெரிவது. அது மூன்று வகை: பளபளக்கும் கதவில் நம் கட்டைவிரல் ரேகை பதிவது தோன்றல், பாடி கோணிக்கொள்வது திரிதல், வைப்பர் ஒன்று காணாமற்போவது கெடுதல்.

பகுப்பதற்கு எல்லை எது? தமியா நிறுவனம் போர்ஷே 934-ஐ 1/12-இல் செய்ய முனைந்தபோது, நிறுவனத்தை நடத்திய ஷுன்சாகு தமியா அளவெடுப்பதற்காகவே உண்மையான போர்ஷே 911 ஒன்றை விலைக்கு வாங்கி அக்கக்காகக் கழற்றிவிட்டார். திரும்பப் பூட்டப் போர்ஷே ஆட்களைக் கூப்பிட வேண்டியிருந்ததாம். அந்தக் கிட் 1976-இல் வந்தது. கழற்றத் தெரிந்து பூட்டத் தெரியாமல் நிற்கும்போதெல்லாம் இந்தச் செய்தியை நினைத்துக்கொள்வேன். அவருக்கு அழைக்க ஆள் இருந்தது.

பகாப்பதத்துக்கும் ஒரு துயரம் உண்டு, அதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. டைகாஸ்ட் என்பது பெரும்பாலும் துத்தநாகம், சிறிது அலுமினியம் சேர்ந்த கலவை. அதில் சுத்தமில்லாமல் துளி ஈயம் கலந்துவிட்டால், உலோகத்தின் மணிகளுக்கு இடையே புகுந்து உள்ளிருந்தே அரிக்கத் தொடங்கும். இதற்கு ஜிங்க் பெஸ்ட் என்று பெயர். இரண்டாம் உலகப் போருக்கு முன் வார்த்த டிங்கி கார்கள் பலவற்றுக்கு இந்நோய் உண்டு. முதலில் மெல்ல வீங்கும், பிறகு மயிரிழை விரிசல் தெரியும். ஒருநாள் அலமாரியைத் திறந்தால், கார் நின்ற இடத்தில் நான்கு சக்கரமும் ஒரு பிடி பொடியும் இருக்கும். மருந்து கிடையாது. ஈரமில்லாத இடத்தில் வைத்தால் நாள் தள்ளலாம். வார்க்கும் நாளிலேயே தலையில் எழுதப்பட்டுவிட்ட நோய் இது. தொண்ணூறு வருடம் பொத்திப் பொத்திப் பாதுகாத்தவருக்கும், அன்றைக்கே தூக்கிப்போட்டு விளையாடிய பையனுக்கும் ஒரே முடிவுதான். விளையாடிய பையன் லாபக்காரன்.

மாணாக்கர் இயல்

பவணந்தி முனிவர் நன்னூலில் மாணாக்கரை எண்வகை உவமையால் பிரித்தார். அன்னமும் பசுவும் தலை, மண்ணும் கிளியும் இடை, ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி நான்கும் கடை. முனிவருக்கு ஹாட் வீல்ஸ் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் எட்டுப் பேரையும் நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

அன்னம் பாலையும் நீரையும் பிரிக்கும். எனக்குத் தெரிந்த ஒருவர் ஹெரால்டைத் தவிர எதையும் தொடமாட்டார். அவர் அப்பா ஓட்டியது சென்னையில் செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். டிங்கி 1959-இல் வார்த்தது இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்ட். ஒரே வண்டி, ஊர்தான் வேறு. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "இதுல பின்சீட்ல நான்தான் நடுவுல" என்பார். பொம்மைக்கு நடுவில் இடமிருக்கிறதா என்று நாம் கேட்கக் கூடாது.

பசு வெளியே போய் வயிறு முட்ட மேய்ந்து, வீட்டுக்கு வந்து படுத்து அசைபோடும். கிட்டாக வாங்கி வாங்கிக் கட்டிலுக்கடியில் தள்ளி, "ரிட்டயர் ஆனதும் கட்டுவேன்" என்பவர் இவ்வகை. பசுவாவது அசைபோடும். நான் இன்னும் அதற்கே வரவில்லை.

மண் உழைத்த அளவுக்கு விளையும். செய்முறைத் தாளில் பதினான்காம் படி முடியாமல் பதினைந்துக்குப் போகாதவர் இவர். இவரோடு பேச ஒன்றுமிருக்காது, ஆனால் இவர் கட்டிய காரில் விரல் ரேகையும் இருக்காது. கிளி சொன்னதைச் சொல்லும். யாரோ நன்றாயிருக்கிறது என்றதற்காக நிசான் ஸ்கைலைனை ஆறு நிறத்தில் வைத்திருப்பார். தெருவில் நிஜமாக ஒன்று போனால் அடையாளம் தெரியாது.

ஓட்டைக்குடத்தில் எதுவும் தங்காது. இதை அனுபவத்தில் சொல்கிறேன். 1/24 காரின் பக்கக் கண்ணாடியை ட்வீசரில் பிடித்து அழுத்தினால், அது சுண்டிவிட்ட நெல்மணிபோலப் பறக்கும். பறந்தது எங்கே விழுந்தது என்பது யாருக்கும் தெரியாது. முட்டிபோட்டு, டார்ச் அடித்து, மொசைக் தரையின் புள்ளிகளில் எது கண்ணாடி எது மொசைக் என்று துழாவி ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும். கடைசியில் வேலைக்கு வரும் அக்கா முறத்தில் அள்ளிக்கொண்டு போவார். ஆடு ஒரு செடியில் ஒரு வாய் கடித்து அடுத்ததற்குத் தாவும். இன்ஜின் மட்டும் முடிந்த கார் ஒன்று, சீட் மட்டும் முடிந்த கார் ஒன்று, சக்கரத்துக்கு மட்டும் வண்ணம் அடித்த கார் ஒன்று இவர் மேசையில் நிற்கும். மூன்றையும் சேர்த்தாலும் ஒரு கார் வராது.

எருமை குளத்தில் இறங்கிக் கலக்கித் தானும் குடியாது, பிறரையும் குடிக்கவிடாது. இவரைப் பார்க்க வேண்டுமானால் பொம்மைக் கடை திறக்கும் நேரத்தில் ஹாட் வீல்ஸ் மாட்டியிருக்கும் கொக்கிகளுக்கு முன்னால் போய் நிற்கவும். மேட்டல் நிறுவனம் 1968-இல் பதினாறு கார்களோடு தொடங்கிய வரிசை அது. 1995 முதல் சிலவற்றை ட்ரெஷர் ஹன்ட் என்று குறைவாகச் செய்து, மற்றவற்றோடு கலந்து அனுப்புகிறார்கள். அவற்றுள்ளும் 2007 முதல் ரப்பர் டயரும் மினுங்கும் சிறப்பு வண்ணமும் கொண்ட சூப்பர் வகை ஒன்று தனி. கடையில் விலை எல்லாவற்றுக்கும் ஒன்றே. ஆகவே எருமையார் முழங்கை வரை உள்ளே விட்டு, நூறு அட்டைகளையும் தரையில் பரப்பி, மூலைகளை மடக்கி, வேண்டியது கிடைக்காமல் அப்படியே விட்டுவிட்டுப் போவார். பின்னால் அம்மா கையைப் பிடித்து நிற்கும் பொடியன் தரையில் கிடக்கும் ஒன்றை எடுத்து, "இதும்மா" என்பான். அநேகமாக அது தீயணைப்பு வண்டியாக இருக்கும்.

நெய்யரி, நெய்யை வழியவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்ளும் வடிகட்டி. இந்த உவமையை முனிவர் நம் கலைக்காகவே எழுதிவைத்தார் என்று ஐயுறுகிறேன். இவ்வகையார்க்குக் கார் பொருட்டன்று, அட்டையே பொருள். மூலை மடங்கக் கூடாது, கொக்கித் துளை கிழியக் கூடாது, பிளாஸ்டிக் குமிழ் மஞ்சளாகக் கூடாது. குமிழைப் பிரித்துவிட்டால் அந்தக் கார் இவர் பாஷையில் 'லூஸ்'. வாழ்நாளில் ஒருமுறைகூடச் சக்கரம் உருளாத கார்கள் இவர் சுவரில் நூற்றுக்கணக்கில் தொங்கும். அது அச்சிட்ட அட்டைகளின் தொகுப்பு. கார் அதில் பசை மாதிரி.

ஒருவர் ஒரே வகையில் அடங்குவாரா எனின், மாதத்தின் முதல் வாரத்தில் எருமை கடைசி வாரத்தில் அன்னம் ஆவது கண்கூடு.

புறனடை

மேற்கூறிய விதிகளெல்லாம் ஆண்டில் ஒன்பது நாள் செல்லா. அவை நவராத்திரி நாள்கள்.

எங்கள் வீட்டுக் கொலுவில் படிகளுக்குப் பக்கத்தில் அம்மா பார்க் அமைப்பாள். மண் பரப்பிக் கேழ்வரகு தூவித் தண்ணீர் தெளித்தால் நாலாம் நாள் பச்சைப் புல். நடுவில் கண்ணாடித் துண்டில் குளம், ஓரமாகச் சாக்பீஸ் பொடியில் ரோடு. ரோட்டுக்குக் கார் வேண்டும்.

"டேய், அந்தச் சிவப்புக் காரைக் கொண்டா."

"அம்மா, அது ஹெரால்ட். 1/43. தண்ணி பட்டா வீணாயிடும்."

"ரோட்ல யாரு தண்ணி ஊத்தப்போறா? கொண்டா."

கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் அதைச் செட்டியார் பொம்மைக்கும் அவர் பரப்பிவைத்திருந்த அரிசி பருப்பு மூட்டைகளுக்கும் முன்னால் நிறுத்தினாள். எனக்குள் இருந்த இலக்கணக்காரனுக்குப் பொறுக்கவில்லை. ஸ்கேலை எடுத்துவந்து அளந்தேன்.

"அம்மா, செட்டியார் பன்னிரண்டு சென்டிமீட்டர். நாற்பத்து மூணால பெருக்கினா உட்கார்ந்திருக்கும்போதே பதினேழு அடி. இந்தக் கார்ல அவர் காலைக்கூட வைக்க முடியாது."

அம்மா புல்லுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தாள்.

"அவர் கடையை விட்டுட்டு எங்கடா போகப்போறார்?"