எதுக்கும் ஒரு கொப்பி

ஹல்துமுல்லை டவுனில் கரண்ட் போனால், ஐஸ்கிறீம் விற்கிற கடைக்காரரையும் முந்திக்கொண்டு பதறுகிற ஆள் கொப்பி மாமாதான். போட்டோகொப்பிக் கடை வாசலில் நின்று, சினை மாடு படுத்துவிட்ட மாதிரி மெஷினைப் பார்ப்பார். கையில் ஒரு சொப்பின் பை. அதற்குள் இன்னொரு சொப்பின் பை. அதற்குள் ஒரு பைல். பைலுக்குள் யாரோ ஒரு பிள்ளையின் எதிர்காலம், மும்மூன்று பிரதியாக.

உங்கள் தோட்டத்திலும் ஒருத்தர் இருப்பார். ஓய்வுபெற்ற கிளாக்கராக இருக்கலாம், மாஸ்டராக இருக்கலாம், பழைய தலைவராக இருக்கலாம். யாரோ வெளிநாடு போகப் போகிறார்கள் என்ற பேச்சு பீலிக்கரையில் கிளம்பி மேல் லயத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் அவர் உங்கள் இஸ்தோப்பில் வந்து உட்கார்ந்துவிடுவார். வாழ்த்தெல்லாம் கிடையாது. “பேர்த் சேட்டிபிகட் எங்க?” என்பதுதான் முதல் வார்த்தை. இரண்டாவது வார்த்தை, “எத்தன கொப்பி இருக்கு?”

எங்கள் மலைக்கு முதலில் வந்தது கோப்பி. 1869இல் இலையில் துரு விழுந்து, கொஞ்ச காலத்தில் அது பட்டுப்போனது. பிறகு தேயிலை வந்தது. மூன்றாவதாக வந்தது கொப்பி. இதற்கு மட்டும் இன்னும் எந்த நோயும் விழவில்லை. 2022 மார்ச்சில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணப் பள்ளிக்கூடங்களில் பரீட்சையையே தள்ளிப் போட்டார்களே, ஞாபகம் இருக்கிறதா? டொலர் தட்டுப்பாடுதான் காரணம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். மாமாவின் கட்டிலுக்கடியில் இருக்கும் டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்த்தவன் என்ற முறையில் எனக்கு வேறு சந்தேகம் உண்டு.

“தேவை”, “தேவையில்லை” என்ற இரண்டும் மாமாவின் பேச்சில் வராது. இரண்டுக்கும் சேர்த்து ஒரே சொல்தான்: “எதுக்கும்.” எதுக்கும் ஒரு கொப்பி. எதுக்கும் ஒரு கையெழுத்து. எதுக்கும் பின்பக்கத்தையும் எடு தம்பி. பின்பக்கத்தில் ஒன்றும் இல்லையே மாமா என்றால், “ஒன்னும் இல்லனு வெள்ளக்காரனுக்கு எப்பிடித் தெரியும்? காட்டணும்ல?” என்பார். வெற்றுத் தாளைப் பிரதியெடுத்து, அது அசல் வெற்றுத் தாளின் உண்மைப் பிரதியேதான் என்று ஜே.பி.யிடம் சீல் வாங்கிய மனிதர், எனக்குத் தெரிந்து, உலகத்திலேயே அவர் ஒருவர்தான்.

என் தங்கச்சிக்கு இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் முதுமாணிப் படிப்புக்கு இடம் கிடைத்தது. மாணவர் விசாவுக்கு அவர்கள் கேட்பது ஒன்றும் மலையில்லை. பாஸ்போட்; பல்கலைக்கழகம் அனுப்புகிற இலக்கம்; இலங்கையிலிருந்து போகிறவள் என்பதால் காசநோய் இல்லை என்ற சான்றிதழ்; படிப்புக்கும் சாப்பாட்டுக்கும் காசு இருக்கிறது என்று காட்ட வங்கிக் கணக்கு விபரம். அப்பாவின் ஈ.பி.எப்., கட்டாரில் இருக்கும் அண்ணன் அனுப்பியது, அம்மாவின் நகையை அடகு வைத்தது எல்லாம் சேர்ந்து அப்பாவின் கணக்கில் கிடந்தன. அதனால் அவர்தான் தகப்பன் என்று காட்டப் பிறப்புச் சான்றிதழும், மகள் இந்தக் காசைப் பாவிக்கச் சம்மதம் என்று ஒரு கடிதமும். தமிழிலோ சிங்களத்திலோ இருப்பவற்றுக்கு இங்கிலிஷ் மொழிபெயர்ப்பு. நான் எண்ணிப் பார்த்தேன், இரண்டு கை விரலுக்குள் அடங்கியது.

மாமா எண்ணிப் பார்த்தார். 63 வந்தது.

கிராம சேவகர் சான்றிதழ் சரி. லைட் பில் கூடச் சரி. தங்கச்சியின் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பெறுபேறு எதற்கு? “சின்ன வயசுலயே படிச்ச புள்ளனு தெரியட்டும்.” மாரியம்மன் திருவிழாவுக்குக் காசு கட்டிய ரசீது? “குடும்பம் எப்பிடினு தெரியட்டும்.” அம்மாச்சியின் மரணச் சான்றிதழ்? இதற்கு மட்டும் குரலைத் தாழ்த்தினார். “அவங்க தவறிட்டாங்கனு காட்டலனா, நாளைக்கு இந்தப் புள்ள அவங்களயும் அங்க கூப்பிட்டுக்கும்னு சந்தேகப்படுவான்.”

காசநோய்ப் பரிசோதனைக்கு நெஞ்சுப் படம் எடுப்பார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். மறுநாள் காலையில், அப்பா எப்போதோ இருமலுக்கு எடுத்த எக்ஸ்ரேயைக் கூரை இடுக்கிலிருந்து இழுத்துக்கொண்டு மாமா கடைக்குப் போனார். நானும் கூடவே போனேன். கடைப் பையன் அதைக் கண்ணாடியில் வைத்து மூடினான். பச்சை வெளிச்சம் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனது. கன்னங்கரேலென்று ஒரு தாள் வந்து விழுந்தது.

“மாமா, ஒன்னும் தெரியலயே. முழுக்கக் கறுப்பு.”

மாமா தாளைச் சூரியனுக்கு நேரே பிடித்தார். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், போட்டுப் பார்த்தார். “ஒரிஜினல்லயும் கறுப்புதான்டா இருக்கு. இன்னும் ரெண்டு எடு.”

சீல் விஷயத்திலும் அவருக்குத் தனிக் கொள்கை உண்டு. ஜே.பி. என்கிற சமாதான நீதவான்களில் இரண்டு வகை. சிலருக்கு அதிகாரம் ஒரு மாவட்டத்துக்கு. சிலருக்கு முழுத் தீவுக்கும். எங்கள் லயத்துக்கு அடுத்த வீட்டிலேயே ஒரு ஜே.பி. இருக்கிறார், மாவட்டக்காரர். மாமா அவரைத் தாண்டி, பெரகலைச் சந்தியில் இறங்கி, பஸ் மாறி, ஹப்புத்தளைக்குப் போய் ‘அகில இலங்கை’ சீல் வாங்கி வருவார். “மாவட்டச் சீல் மாவட்டத்தோட நின்னுரும் தம்பி. இங்கிலாந்து வர போகணும்னா இழுவ வேணும்.”

பிறகு அந்த 28 நாள். படிப்புக்கும் செலவுக்குமான காசு தொடர்ந்து 28 நாள் கணக்கில் குறையாமல் இருக்க வேண்டும் என்பது விதி. இதைக் கேட்டதும் மாமா செய்த முதல் வேலை, அப்பாவின் வங்கிப் புத்தகத்தைத் தன் டிரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியது. பதினோராம் நாள் அப்பா திருவிழா வரிக்கு ஒரு 2,000 ரூபா எடுக்க வேண்டும் என்று போய் நின்றார். சொந்தக் காசைக் கேட்டு வாசலில் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கும் நிலைமை. “திருவிழாவ அடுத்த மாசம் வைக்கச் சொல்லுங்க,” என்று மாமா சொல்லிவிட்டார். அம்மன் 28 நாள் பொறுப்பாளாம். வெள்ளைக்காரன் பொறுக்கமாட்டானாம்.

இதுவரை எழுதியதைச் சிரித்துக்கொண்டே எழுதினேன். பெயர் விஷயத்துக்கு வரும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பழனி என்ற எங்கள் அப்பாவின் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ் தெரியாத ஒரு பதிவாளர் காதில் விழுந்தபடி சிங்களத்தில் எழுதுவார். அங்கே ‘ழ’ கிடையாது. திரும்பத் தமிழுக்குக் கொண்டுவந்தால் பலனி. இங்கிலிஷில் ஐடியில் ‘ஐ’யில் முடியும், ஈ.பி.எப். காட்டில் ‘வை’யில் முடியும், வங்கிப் புத்தகத்தில் நடுவே ஒரு ‘எல்’ கூடியிருக்கும். மலைமேல் இருக்கிற முருகனே இறங்கி வந்து பதிந்தாலும் பலனியாண்டவர்தான். முருகனுக்கு ஆறு முகம் என்றால், எங்கள் அப்பாவுக்கு நாலு பெயர். அந்த நாலு பேரும் நான் ஒருவனே என்று அப்பா சத்தியக்கடதாசி முடிக்க வேண்டும், முத்திரை ஒட்டி.

பிழை விட்டது ஏதோ ஒரு ஓபிசின் பேனா. திருத்த அலைவது எங்கள் கால். அம்மா சாட்சிக்கு ஒரு நாள் போய் நின்றால் அன்றைக்கு அவளுக்குப் பேர் விழாது. 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாயாக்கிய நாள் சம்பளம் அன்றைக்கு இல்லை. “ஐயா இன்னைக்கு வரல, திங்கட்கிழமை வாங்க” என்றால் இன்னொரு பேர் போச்சு. ஒரு பெயரைத் திருத்துவதற்கு இரண்டு பேர் போகிறது. எழுதத் தெரிந்தவர் பிழை விட்டதற்கு, எழுதத் தெரியாதவர் வந்து சத்தியம் செய்ய வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்? மண்டபம் முகாம் வழியாக வந்த எங்கள் பாட்டன்மாரின் கழுத்தில் ஒரு தகரத் துண்டைக் கட்டி அனுப்பினார்கள். அதில் தோட்டத்துக்கு ஓர் இலக்கம், ஆளுக்கு ஓர் இலக்கம். பெயரே இல்லை, அதனால் பெயர்ப் பிழையும் இல்லை. இன்றைக்கு யோசித்தால் அதுவே மேல் என்று படுகிறது.

நான் இப்படிக் கொதித்தபோது மாமா வெற்றிலையை மடித்துக்கொண்டு அமைதியாகச் சொன்னார்: “ஏழு வருசம் இருந்ததக் காட்டுனு கேட்டான். எங்க தாத்தாகிட்ட ஏழு வருசமும் இருந்துச்சு. கடதாசிதான் இல்ல.”

1949ஆம் வருசச் சட்டத்தைச் சொல்கிறார். 1948இல் எங்கள் ஆட்களின் பிரஜாவுரிமையைப் பறித்துவிட்டு, மறு வருசம் விண்ணப்பிக்கச் சொன்னார்கள். கலியாணம் முடித்தவர் ஏழு வருசம், முடிக்காதவர் பத்து வருசம், 1946 ஜனவரி 1க்கு முன் இந்த நாட்டில் தொடர்ந்து இருந்ததை நிரூபிக்க வேண்டும். 8 இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் கேட்டார்கள். கிடைத்தது 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்குக் கிட்டத்தான். மிச்சமிருந்தவர்களுடைய கதை ஒப்பந்தம் ஒப்பந்தமாக இழுபட்டு, 2003இல் 35ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை முடியவில்லை. மாமாவுக்கே பிறப்புப் பதிவு இல்லை, உத்தேச வயதுப் பத்திரம்தான். “பொறந்ததே உத்தேசம்னு எழுதிக் குடுத்துட்டான். அப்பறம் எதுக்கும் ஒரு கொப்பி வைக்காம நான் என்னடா செய்ய?”

முன்பெல்லாம் இரண்டு கொப்பிதான் எடுப்பார். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயன்களை மூடியது. ஆட்களோடு அவர்களின் ஐடி, பிறப்புச் சான்றிதழ், காட் எல்லாம் மண்ணுக்குள் போயின. அதற்குப் பிறகு மாமாவின் கணக்கு மூன்றாகிவிட்டது. ஒன்று பைலுக்கு. ஒன்று வீட்டுக்கு. மூன்றாவது, வேறு மலையில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கு. ஏன் என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை.

விசா நிலையத்துக்குப் போகும் நாள் வந்தது. கூப்பிடாமலே மாமா இரவு பஸ்ஸில் ஏறிவிட்டார். பலாங்கொடை, இரத்தினபுரி தாண்டிக் கொழும்பு வரும்வரை பைலை மேலே வைக்கவில்லை. கைக்குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு, வளைவுக்கு வளைவு அணைத்துப் பிடித்தார்.

தங்கச்சி உள்ளே போனாள். விரல் ரேகை எடுத்தார்கள், முகத்தைப் படம் பிடித்தார்கள், பாஸ்போட்டை வாங்கி வைத்தார்கள். மற்றதெல்லாம் முதலே கம்பியூட்டரில் ஏற்றியாகிவிட்டது, தாள் வேண்டாம் என்று சொல்லி அரைமணி நேரத்தில் அனுப்பிவிட்டார்கள். 63 பத்திரம், மூன்று கொப்பி, அகில இலங்கை சீல், கறுப்பு எக்ஸ்ரே, வெற்றுத் தாளின் உண்மைப் பிரதி: போன மாதிரியே திரும்பி வந்தது.

மாமா வெயிலில் நின்றுகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் நெடுநேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டார்: “கம்பியூட்டர்ல ஏத்துறதுனா, ஜே.பி. சீல எங்க குத்துறது?”

எனக்கும் பதில் தெரியவில்லை. அன்றைக்கு மத்தியானம் சோறு வாங்கிக் கொடுத்தேன். மனிதர் பாதிதான் சாப்பிட்டார். கடை பில்லை மட்டும் மறக்காமல் மடித்துப் பைலுக்குள் வைத்தார்.

மூன்று கிழமையில் விசா வந்துவிட்டது. செய்தி கேட்டு மாமா பழைய மாமாவாகிவிட்டார். “பைல் வந்திருக்குனு தெரிஞ்சிருக்கும்ல? அந்தப் பயந்தான்,” என்று தேத்தண்ணிக்கடை முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். தங்கச்சி புறப்பட்ட அன்று கட்டுநாயக்காவில், கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, விசாவுக்கு ஒரு கொப்பி எடுத்து வைத்தாயா என்று கத்திக் கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

எல்லாம் நல்லபடி முடிந்தது. எனக்கு அவர்மீது ஒரே ஒரு மனக்குறைதான் பாக்கி. அப்பாவின் பிறப்புச் சான்றிதழ் இன்னும் அவருடைய டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. ஆறு தடவை போய்விட்டேன். ஒரிஜினலைக் கேட்டால் கொப்பிதான் தருகிறார். சீல் குத்தி.