பூனை வீட்டு மத்தியஸ்தர்

எந்த அடுக்குமாடிக் குடியிருப்பிலும் இப்படி ஒரு மாமா இருப்பார். பணி ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்தபோது யூனியனோடு பேச்சுவார்த்தை நடத்திப் பழகியவர். வீட்டில் ஏற்கெனவே இரண்டு பூனைகள் இருக்கும்போது ஒரு நாட்டு நாயைக் கூட்டி வருவார். "விலைக்கு வாங்கலை சார், தத்தெடுத்தது" என்று லிஃப்டில் ஏறுகிற ஒவ்வொருவரிடமும் சொல்வார், மூன்றாவது மாடி வருவதற்குள்.

வந்த நாய்க்கு ஒரு வயதுகூட இருக்காது. ஓடுவதெல்லாம் துரத்துவதற்கே என்பது அதன் கொள்கை. பூனைகள் ஃபிரிட்ஜ் மேல் ஏறிவிடும். மாமி சோபா மேல் ஏறிவிடுவார். மாமா நோட்டுப் புத்தகத்தை எடுப்பார்.

முதல் கட்டம், முகம் பார்க்காமல் வாசனை பழகுவது. நடுவில் மூடிய கதவு. பூனை படுத்த துண்டு நாய்க்கு, நாய் படுத்த துண்டு பூனைக்கு. குளித்துவிட்டு வந்த மகன் கைக்கு அகப்பட்ட துண்டில் தலை துவட்டிவிட்டு நாளெல்லாம் தும்மினால், அது திட்டத்துக்கு வெளியே. அடுத்த கட்டத்தில் நாய் கயிற்றில், பூனை அலமாரி உச்சியில், மாமாவின் சட்டைப் பையில் கோழித் துண்டுகள். சுத்த சைவக் குடும்பம். கோழி வாட்ச்மேன் வீட்டில் வெந்து வரும். பூனையைப் பார்த்தும் பாயாமல் நாய் மாமா பக்கம் திரும்பினால் ஒரு துண்டு. "பாவ்லோவுக்கு இதுக்குத்தான் நோபல் பரிசு" என்பார். 1904இல் அவருக்குப் பரிசு கிடைத்தது ஜீரண ஆராய்ச்சிக்கு. மாமாவை யார் திருத்துவது?

நாயும் லேசுப்பட்டதல்ல. தூங்குகிற பூனையைத் தேடிப்போய் ஒரு பார்வை பார்க்கும். உடனே மாமாவைப் பார்த்து வாயைத் திறக்கும். கோழி வரத் தாமதமானால் மறுபடி பூனையைப் பார்க்கும், இந்த முறை கொஞ்சம் அழுத்தமாக. பூனைக்கும் கணக்கு விளங்கிவிட்டது. கோழி வரும் நேரத்தில் தானே இறங்கி வந்து எதிரில் உட்காருகிறது. அதற்கும் ஒரு துண்டு தனியாக விழுகிறது. மாமா நோட்டில் 'நல்லிணக்கம்' என்று எழுதி அடிக்கோடு போடுகிறார்.

பூனையின் மணல் தட்டில் நாய் வாய் வைக்கிற சமாசாரத்துக்கு அந்த நோட்டில் பக்கம் கிடையாது.

"நாய் வாலை ஆட்டினா பெரும்பாலும் சந்தோஷம், பூனை வாலை அடிச்சா கோபம். இது தெரியாமதான் சண்டையே வருது" என்று விருந்தாளிகளுக்கு விளக்குவார்.

"நான் முறைச்சா மட்டும் உங்களுக்கு ஏன் விளங்க மாட்டேங்குது?" என்று கேட்டுக்கொண்டே மாமி காபி வைப்பார்.

சென்ற மாதம் சங்கக் கூட்டத்தில் தண்ணீர் லாரிக்காக ஏ பிளாக்கும் பி பிளாக்கும் கைகலப்பு வரை போனது. மாமா எழுந்தார். "எடுத்த எடுப்பிலேயே நேருக்கு நேர் உட்கார வெச்சதுதான் தப்பு. ரெண்டு பிளாக்குக்கும் நடுவுல கதவைச் சாத்துங்க. முதல்ல..."

செயலாளர் கும்பிட்டார். "துண்டு மாத்திக்கறது சரி சார். கோழி யார் செலவு?"