விசில் எனும் அலகு: ஒரு பூர்வாங்க ஆய்வு

1875 மே 20 அன்று பாரிஸில் 17 நாடுகள் கூடி மீட்டர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அன்று தொடங்கிய வேலை இன்னும் ஓய்ந்தபாடில்லை. மீட்டரை ஒளியின் வேகத்தோடும் நொடியைச் சீசியம் அணுவோடும் முடிச்சுப் போட்டார்கள். 2019இல் கிலோகிராமையும் பிளாங்க் மாறிலியின் பொறுப்பில் விட்டார்கள். இத்தனை பாடுபட்டவர்கள், தமிழ்நாட்டில் தினமும் காலையில் வீட்டுக்கு வீடு புழக்கத்தில் இருக்கும் ஓர் அலகைக் கண்டுகொள்ளவே இல்லை. சோற்றுக்கு மூன்று, பருப்புக்கு நாலு, ஊறவைத்த கொண்டைக்கடலைக்கு ஆறு, ஆட்டுக்கறிக்கு ஆட்டின் வயதைப் பொறுத்து. குக்கர் விசில் என்ற அந்த அலகுக்கு இலக்கணம் வகுப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் வரையறை. குக்கர் மூடியின் நடுத்துளை மேல் ஒரு வெயிட் உட்கார்ந்திருக்கிறது. உள்ளே ஆவியின் அழுத்தம் ஏறி, வெளிக்காற்றைவிடச் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கூடியதும் வெயிட் மேலே தள்ளப்படுகிறது. ஆவி சீறிக்கொண்டு வெளியேற, அழுத்தம் சற்று இறங்க, வெயிட் மறுபடி உட்காருகிறது. எழுந்ததற்கும் உட்கார்ந்ததற்கும் நடுவில் வரும் அலறல்தான் ஒரு விசில். அந்த நேரத்தில் உள்ளே வெப்பம் சுமார் 120 டிகிரி செல்சியஸ். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியிலேயே நின்றுவிடும். அந்த 20 டிகிரிக்காகத்தான் இத்தனை ஆர்ப்பாட்டமும்.

கிட்டப் போய்ப் பார்த்தால் விவகாரம் இவ்வளவு ஒழுங்காக நடப்பதில்லை. முதலில் வெயிட்டின் அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் குமிழியிடும். வெயிட் லேசாகத் தலையாட்டும். மஞ்சள் நுரை எட்டிப் பார்க்கும். சுவர் டைல்ஸில் இரண்டு சொட்டு தெறிக்கும். பிறகு "புஸ்" என்று பெருமூச்சு விட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடும். இதை விசிலாகக் கொள்வதா, வேண்டாமா? அரை விசில் என்று இதற்குப் பெயர் சூட்டி, இரண்டு அரைகளைக் கூட்டி ஒன்றாக்கும் வீடுகள் உண்டு. முதல் விசிலைக் கணக்கிலேயே சேர்க்காமல், அது குக்கர் தொண்டையைச் செருமிக்கொள்வது என்று தள்ளிவிடும் வீடுகளும் உண்டு. இந்த இரு தரப்புக்கும் இடையே திருமண உறவு ஏற்படும்போது, முதல் சில வாரங்கள் சாம்பாரில் பருப்பு தனியாக மிதக்கும்.

வரலாற்றைப் புரட்டினால் இதற்கெல்லாம் ஆதி காரணம் டெனி பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர். லண்டனில் இருந்தபோது, 1679இல், எலும்பையும் மிருதுவாக்கும் ஒரு மூடிய கலத்தை ராயல் சொசைட்டியின் முன் வைத்தார். கலம் வெடித்துவிடக்கூடாது என்று, நெம்புகோலில் எடை தொங்கும் ஒரு வால்வையும் பின்னர் சேர்த்தார். 1682 ஏப்ரலில் அதில் சமைத்த விருந்தை உண்ட ஜான் ஈவ்லின், எலும்புகள் பாலாடைக்கட்டியைப் போல மெத்தென்று இருந்ததாகத் தன் நாட்குறிப்பில் மெச்சி எழுதியிருக்கிறார். எத்தனை விசில் விட்டார்கள் என்பதை மட்டும் எழுதவில்லை. இத்துறைக்கு அது ஒரு பேரிழப்பு.

பாப்பினின் கலம் இந்திய அடுப்புகளுக்கு ஏற்ற உருவில் வந்துசேர ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் ஆயின. ஹாக்கின்ஸும் பிரெஸ்டீஜும் இங்கே குக்கர் செய்யத் தொடங்கியது 1950களின் கடைசியில்தான். ஒன்றின் மூடி உள்ளே நுழையும், மற்றதன் மூடி வெளியே கவியும். எது உசத்தி என்ற வழக்கில் தீர்ப்பு சொல்ல இக்கட்டுரைக்குத் துணிவில்லை.

இனி ஆய்வின் மையப் பிரச்சினைக்கு வரலாம். விசில் வேக்காட்டை அளப்பதில்லை. அது அளப்பதெல்லாம், தேவைக்கு மேல் எவ்வளவு ஆவி வீணாகிறது என்பதைத்தான். முழு அழுத்தம் வந்த பிறகு தீயை எவ்வளவு தூண்டினாலும் உள்ளே வெப்பம் ஏறாது. விசில்தான் அடுத்தடுத்து வரும். பருப்பு வேகத் தேவை 120 டிகிரியில் சில நிமிடங்கள். பெரிய பர்னரில் தீயை முழுக்கத் திறந்துவைத்து நாலு விசிலைச் சடசடவென்று வாங்கிவிடலாம். உள்ளே பருப்பு கல்லாகக் கிடக்கும். ஒரு விசில் வந்ததும் சிம்மில் போட்டு, அடுத்த விசில் வராமலே பத்து நிமிடம் விட்டால் அதே பருப்பு குழைந்துவிடும். குக்கரோடு வரும் கையேடுகள் இதனால்தான் நிமிடக் கணக்கு சொல்கின்றன. அந்தக் கையேடு பெரும்பாலான வீடுகளில் உத்தரவாத அட்டையோடு சேர்ந்து பீரோவில் பத்திரமாக இருக்கிறது.

அப்படியானால் தினமும் சாம்பார் எப்படிச் சரியாக வருகிறது? அதே குக்கர், அதே பர்னர், அதே டம்ளர், அதே மளிகைக் கடைப் பருப்பு. மற்றதெல்லாம் மாறாமல் இருப்பதால், விசில் எண்ணிக்கை நிமிடங்களின் வேலையைச் செய்துவிடுகிறது. ஒரு வீட்டின் நாலு விசில் அந்த வீட்டுக்குள் மட்டுமே செல்லுபடியாகும் நாணயம். ஊருக்கு ஊர் படியின் கொள்ளளவு வேறாக இருந்த காலமும் உண்டு. அந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1956இல் நாடாளுமன்றம் சட்டமே கொண்டுவந்தது. விசில் அந்தச் சட்டத்தின் கையில் சிக்காமல் தப்பித்துக்கொண்டது.

நாணயம் செல்லாமல் போகும் சந்தர்ப்பங்கள் பல. மூன்று லிட்டர் குக்கரை விட்டு ஐந்து லிட்டருக்கு மாறினால் கணக்கு போச்சு. ரப்பர் தளர்ந்தால் ஆவி ஓரமாகக் கசிந்துகொண்டே இருக்கும், விசிலே வராது. கடையில் போய்ப் புது கேஸ்கட் வாங்கிப் போட்ட அன்று பருப்பு கஞ்சியாகும். துளையில் ஒரே ஒரு துவரம்பருப்புத் தோல் அடைத்திருந்தால் கதை இன்னும் மோசம். அனுபவசாலிகள் மூடியை வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு துளையைப் பார்த்துவிட்டுத்தான் போடுவார்கள். அடுத்தது தண்ணீர். போர் தண்ணீரில் உள்ள கால்சியம் பருப்பின் பெக்டினைப் பிடித்துக் கெட்டியாக்கிவிடுகிறது. எட்டு விசிலுக்கும் அது மசியாது. நாள்பட்ட பருப்பும் அப்படித்தான். பழி என்னவோ குக்கர் மேல் விழும்.

உதகமண்டலத்தை விட்டுவிட முடியாது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கருக்கு உள்ளேயும் சமவெளியைவிட மூன்று, நான்கு டிகிரி குறைவுதான். கோடை விடுமுறைக்குப் போய் வாடகை வீட்டில் சமைப்பவர்கள் ஒன்றிரண்டு விசில் கூட வைப்பது, இயற்பியல் தெரியாமலே செய்கிற சரியான திருத்தம்.

எண்ணுபவரைப் பற்றியும் பேசியாக வேண்டும். குக்கரை வைத்தவர் குளிக்கப் போய்விடுவார். எண்ணும் பொறுப்பு டிவி பார்ப்பவரிடம் வரும். "ஏங்க, எத்தனை விசில் வந்துச்சு?" என்ற கேள்விக்கு "மூணு... இல்ல, நாலு" என்ற பதில் தரவே அல்ல, தற்காப்பு. அடுக்குமாடிக் குடியிருப்பில் சிக்கல் இன்னும் முற்றும். பக்கத்து வீட்டு விசில் நம் கணக்கில் ஏறிவிடும். கீழ்வீட்டு ராஜ்மா தயவில் இங்கே அரைவேக்காட்டுச் சோறு. இதற்கு இதுவரை நடைமுறையில் உள்ள ஒரே தீர்வு, மூடியைத் திறந்து, "இன்னும் ரெண்டு விசில் விடு" என்பதுதான்.

விசிலே இல்லாத ஒரு கிளைத்துறையும் இருக்கிறது. ஓவன் இல்லாத வீட்டில் குக்கரில் கேக் செய்வது. வெயிட்டையும் ரப்பரையும் கழற்றிவிட்டு, அடியில் உப்போ மணலோ பரப்பி, அதன் மேல் ஒரு தாங்கியை வைத்துச் சூடாக்கி, மாவு ஊற்றிய பாத்திரத்தை உள்ளே இறக்குவார்கள். தண்ணீர் இல்லை, அழுத்தம் இல்லை. காய்ந்த காற்றுச் சூடு 120ஐத் தாண்டி மேலே போகும், கேக்கின் மேற்பரப்பு சிவக்கும். தண்ணீரில்லாமல் சூடாக்க வேண்டாம் என்று தயாரிப்பாளர்கள் எச்சரிப்பது உண்மை. அலுமினிய அடிப்பாகம் வளைந்துபோக வாய்ப்பு உண்டு. ஆகவே கேக்குக்கு நேர்ந்துவிட்ட பழைய குக்கர் ஒன்று பரணில் இருக்கும். சமையலுக்கு உதவாத அந்தக் குக்கர் பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் கீழே இறங்கும். விசில் எண்ணியே பழகியவர்கள் இந்த மௌனத்தில் தவித்துப்போய் அடிக்கடி மூடியைத் திறப்பதால்தான் கேக் நடுவில் குழிகிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

இறுதியாக வெளிநாட்டுப் பிரச்சினை. அங்கே விற்கும் குக்கர்கள் பலவும் ஸ்பிரிங் வால்வு கொண்டவை, சத்தமே போடாது. மின்சாரக் குக்கரோ நிமிடத்தை மட்டும்தான் காட்டும். ஊரிலிருந்து தொலைபேசியில் வரும் செய்முறை முழுக்க விசிலில் இருக்கும். உரையாடல் பெரும்பாலும் இப்படிப் போகும்:

"நாலு விசில் விடு கண்ணு."

"அம்மா, இது விசிலே அடிக்காதும்மா."

"அப்ப வெந்துச்சுன்னு எப்படித் தெரியும்?"

"பன்னெண்டு நிமிஷம்னு நம்பர் போட்டிருக்கும்மா. தானே நின்னுடும்."

"சரி, எதுக்கும் பன்னெண்டு முடிஞ்சதும் இன்னொரு தடவ வச்சிரு. துவரம்பருப்பு, நம்ப முடியாது."