நான்கு இரவு, ஐந்து பகல்

பாங்காக்கையும் புக்கெட்டையும் ஒன்றாகக் கட்டி விற்கும் 'நான்கு இரவு, ஐந்து பகல்' சுற்றுலாவில் மூன்றாவதாக ஓர் ஊர் உண்டு. விளம்பரத்தில் அதன் பெயர் இருக்காது. விமான நிலையம். பறப்பதென்னவோ சுமார் ஒன்றரை மணி நேரம்தான். ஆனால் பாங்காக் நெரிசலில் ஊர்ந்து, இரண்டு மணி நேரம் முன்னதாகவே போய் வரிசையில் நின்று, புக்கெட் தீவின் வடகோடியில் இறங்கி, படோங் கடற்கரைக்கு வேன் பிடித்தால் ஒரு பகல் காலி. மிச்ச நேரத்தில் பாங்காக்கில் வாட் போ கோயிலின் 46 மீட்டர் சயனப் புத்தர். அவர் உள்ளங்கால்களில் முத்துச்சிப்பி இழைத்த 108 மங்கலச் சின்னங்கள். பத்தை எண்ணுவதற்குள் வழிகாட்டியின் கொடி வாசலைத் தாண்டிவிடும்.

"இருக்கிற லீவில் இவ்வளவுதான் முடியும், போனதே போனோம், இரண்டையும் பார்த்துவிடலாமே" என்பார்கள். லீவு குறைவு என்றால் ஓரிடத்தோடு நிற்க அதுவே காரணம். கோயில் வேண்டுமென்றால் புக்கெட்டிலேயே வாட் சாலோங் இருக்கிறது, பழைய நகரத் தெருக்களும் இருக்கின்றன. ஓய்வு இடங்களுக்கும் வேண்டும்: கூட்டம் தாங்காமல், புக்கெட்டுக்கு அருகே பீபீ தீவின் மாயா வளைகுடாவையே 2018 முதல் 2022 வரை மூடி வைத்தார்கள். பவளப்பாறைக்கு மூன்றரை ஆண்டு ஓய்வு தேவைப்பட்டது. நமக்கு அரை நாள் போதுமாம். அடுத்த முறை ஏஜென்ட் பட்டியலை நீட்டினால், ஓர் ஊரை அடித்துவிட்டு விலை கேளுங்கள்.