கருஞ்செவலை

திருநெல்வேலிப் பக்கம் எந்தத் தெருவில் குடியேறினாலும் மூன்றாம் நாள் காலையில் தெரிந்துவிடும், அந்தத் தெருவின் கோழிக்காரப் பெரியம்மா யாரென்று. முந்தின நாள் விதைத்த கீரைப்பாத்தி கிளறிக் கிடக்கும். நடுவில் பள்ளம் பறித்து, ஒரு கோழி ஒருக்களித்துப் படுத்து மண்ணை வாரி இறைத்துக் குளித்துக்கொண்டிருக்கும். மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு தலை எட்டிப் பார்க்கும்.

“பெரியம்மா, உங்க கோழியா?”

“நம்மது இல்ல தம்பி. நம்மது செவலை. இது கருஞ்செவலைல்லா!”

செவலைக்கும் கருஞ்செவலைக்கும் வித்தியாசம் கேட்க நமக்குத் தைரியம் வராது. சாயங்காலம் வரை பொறுக்க வேண்டும். இருட்டினால் கோழிக்குக் கண் தெரியாது. எங்கே சுற்றினாலும் பொழுது சாயும்போது அடைகிற இடத்துக்கு வந்துவிடும். ஆறு மணிக்குக் கருஞ்செவலை மதிலேறிக் குதித்து, நேரே பெரியம்மா வீட்டுப் பஞ்சாரத்தடியில் போய் நிற்கும். “இப்ப என்ன சொல்றீங்க?” என்றால், “வாசல் தேடி வந்த சீவனை வெரட்டவா முடியும்?” என்று பஞ்சாரத்தைக் கவிழ்த்து, மேலே ஒரு கல்லையும் தூக்கி வைத்துவிடுவார்.

கீரையைத் தின்றால் அது ஊர்க்கோழி. மொட்டைமாடி வடகத்தில் நடந்தால் யார் பெற்ற கோழியோ. அதே கோழி முட்டைக்கு இடம் தேடி நம் கொல்லையில் கேறிக்கொண்டு திரிந்தால் மட்டும், “நம்ம கோழி எடம் பாக்கு தம்பி, செத்த சத்தம் போடாம இருங்க” என்று பெரியம்மாவே வந்து காவல் நிற்பார். அது ஒரு நாள் காணாமற் போனாலோ, மசாலா வாசம் வருகிற வீட்டு வாசலிலெல்லாம் நின்று நலம் விசாரிப்பார்.

சட்டப்படி மடக்கலாமென்று ஒருமுறை தேடிப் பார்த்தேன். பயிரை மேய்ந்த மாட்டைப் பிடித்துப் பவுண்டில் அடைக்க, 1871-ஆம் ஆண்டே வெள்ளைக்காரன் கால்நடை அத்துமீறல் சட்டம் போட்டிருக்கிறான். அதில் யானை இருக்கிறது, ஒட்டகம் இருக்கிறது, கழுதையும் பன்றியும் ஆட்டுக்குட்டியும் இருக்கின்றன. கோழி இல்லை. என் கீரைப்பாத்தியில் யானை புகுந்தால் வழியுண்டு. அந்தச் சட்டத்தை எழுதிய துரைக்கும் பக்கத்து வீட்டில் ஒரு பெரியம்மா இருந்திருக்க வேண்டும்.

வழக்கு பழசுதான். பட்டினப்பாலையில் சோழநாட்டுப் பெண்கள், காயப்போட்டதைத் தின்ன வந்த கோழியைக் காதுக் குழையைக் கழற்றி எறிந்து விரட்டுகிறார்கள். அந்தக் குழை கிடந்து, பிள்ளைகள் உருட்டும் மூன்றுகால் தேரை வழிமறிக்கிறதாம். சோழநாட்டு வளத்துக்கு அதைச் சான்று காட்டுவார்கள். தங்கம் விற்கிற விலையில் என் மனைவி துடைப்பத்தை எறிகிறாள். அதுவும் மதில் தாண்டிப் போய் விழுந்தால் திரும்பி வருவதில்லை.

ஒரு யோசனை சொல்லிப் பார்த்தேன். ஒரு பக்கத்து இறக்கையில் மட்டும் நீள இறகுகளை அளவாகக் கத்தரித்துவிட்டால், பறக்க எழும்போது கோழி ஒரு பக்கமாகச் சாயும், மதிலேறாது. நகம் வெட்டுவது மாதிரிதான், வலிக்காது. இறகு உதிர்ந்து புதுசு முளைத்துவிடும். பெரியம்மா முழுசும் கேட்டுவிட்டு, “உங்க மவனுக்கு ஒரு பக்கம் மட்டும் மொட்டை போடுவியளா?” என்றார். பேச்சு அதோடு முடிந்தது.

சித்திரையில் கருஞ்செவலையைக் காணோம். கீரி பிடித்ததா, களவு போனதா என்று தெருவே பேசியது. பெரியம்மா ஒன்றும் பேசவில்லை. எங்கள் அடுக்களை ஜன்னலை மட்டும் அடிக்கடி பார்த்தார். நாங்கள் அந்த ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்காமல் சாம்பார் வைத்தோம். அதற்கடுத்த ஞாயிறும் சாம்பார்தான்.

மூன்று வாரம் கழித்து, கொல்லையில் அடுக்கியிருந்த தென்னமட்டைக்குப் பின்னாலிருந்து கருஞ்செவலை வெளியே வந்தது. பின்னால் ஒன்பது குஞ்சு. பார்க்கப் போன என் காலில் ஒரு கொத்து. சத்தம் கேட்டுப் பெரியம்மா வந்தார். முகமெல்லாம் மலர்ச்சி. குனிந்து, விரல் மடக்கி, ஒவ்வொன்றாக எண்ணினார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“நம்ம கோழி எப்பவும் பன்னெண்டு முட்டைல்லா வெக்கும். மிச்சம் மூணு எங்க தம்பி?”