பிறப்பு அத்தாட்சியின் பாடபேதங்கள்

பிறப்பு இருவகைப்படும், நட்சத்திரப் பிறப்பு, நம்பர்ப் பிறப்பு என. அவற்றுள் முன்னதற்குச் சாதகக் குறிப்பும் பின்னதற்கு அத்தாட்சிப் பத்திரமும் சான்றாகும் என்க. யாழ்ப்பாணத்தில் சாதகத்தைத் தொலைத்தவரை நான் கண்டதில்லை. தொலைத்தாலும் சாத்திரியார் வீட்டில் ஒரு கொப்பி கிடக்கும். நாழிகை, விநாழிகை, கணித்தது வாக்கியமா திருக்கணிதமா என்பதுவரை அதில் இருக்கும். அத்தாட்சிப் பத்திரம் அப்படியல்ல. முப்பது வருடம் அலுமாரியில் கிடந்துவிட்டு, தேவைப்படுகிற அன்று காலையில் காணாமற் போகும் இயல்பினது.

அப்படிப் போனதை மீட்கும் முறையே இவ்வாய்வின் பொருள். ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட தரவு ஒன்றே ஒன்று: என் பெரியம்மா. ரொறன்ரோவில் இருக்கும் மகள் கேட்க, பெரியம்மா அலுமாரியைக் கிண்ட, அலுமாரி கைவிரிக்க, ஆய்வு என் தலையில் விழுந்தது.

முறையியல் பற்றி ஒரு சொல். சிறுப்பிட்டியில் 1832 இல் பிறந்த சி.வை. தாமோதரம்பிள்ளை, செல்லரித்த ஏடுகளைத் தேடிப்பிடித்து, பிரதியோடு பிரதி ஒப்புநோக்கி, 1887 இல் கலித்தொகையை அச்சேற்றினார். அந்த மண்ணில் வந்தவனுக்கு ஒரு பக்கத் தாளைத் தேடி ஒப்புநோக்குவது பெரிய காரியமா என்ற துணிவில் இறங்கினேன். பிள்ளையவர்களுக்குப் பிறப்பு அத்தாட்சி இருந்திராது என்பதையும் இங்கே பதிந்து வைக்கிறேன். இலங்கையில் பிறப்புப் பதிவுக்கான கட்டளைச் சட்டம் வந்தது 1867 இல். அவருக்கு அப்போது முப்பத்தைந்து வயது. 1822 இல் நல்லூரில் பிறந்த ஆறுமுக நாவலருக்கும் அதே நிலைதான். எவரும் நம்பர் கேட்காத காலத்தில் இருவரும் சென்னைக்குப் போய் வந்திருக்கிறார்கள்.

ஆனாலும் எங்களை எழுதி வைக்கும் ஆசை அதற்கும் பழையது. 1658 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் காணிக்கு ஒரு தோம்பு, தலைக்கு ஒரு தோம்பு, பாடசாலைக்கு ஒரு தோம்பு என்று பதிவேடுகள் வைத்தார்கள். ஞானஸ்நானமும் கலியாணமும் பாடசாலைத் தோம்பில் ஏறின, எழுதியவர் சட்டம்பியார் என்னும் வாத்தியார். அலுவலகத்துக்கு அவர்கள் விட்டுப்போன சொல் கந்தோர், அவர்களுடைய பாஷையில் கன்தோர். அதன் பின் வெள்ளைக்காரனோடு வடநாட்டிலிருந்து வந்து சேர்ந்தது கச்சேரி. தமிழ்நாட்டவர் ஒருவரிடம் ‘காலமை கச்சேரிக்குப் போய், பின்னேரந்தான் வந்தன்’ என்று சொன்னால், பாடியது யார் என்று கேட்பார். பாடுபட்டது யார் என்பதே இங்கே பொருத்தமான வினா. பழைய பூங்காவோடு ஒட்டிய பழைய கச்சேரிக் கட்டடம் போரில் இடிந்து, கூரையில்லாத சுவர்களாய் நின்றதைப் பார்த்தவர்கள் பலர். அந்தப் பூங்காவை அமைத்தவர், 1829 இல் அரசாங்க அதிபராக வந்து ஏறத்தாழ நாற்பது வருடம் வடக்கை ஆண்ட டைக் துரை. அவர் காலமாகியதும் 1867 இல்தான். பிறப்புப் பதிவுச் சட்டத்துக்கும் இதற்கும் தொடர்பு இருப்பதாக நான் வாதிடப் போவதில்லை.

இனி இடவியல். ஆய்வாளர் முதலில் தவறுவது இங்கேதான். தமிழ்நாட்டில் பிறப்புச் சான்றிதழுக்கு மாநகராட்சிக்கோ நகராட்சிக்கோ போவார்கள். அந்த நினைப்பில் இங்கே பிரதேச சபைக்குப் போனால் அவர்கள் சந்தைக் கடையையும் சுடலையையும் பற்றித்தான் பேசுவார்கள். போகவேண்டியது பிரதேச செயலகத்தில் இருக்கும் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம். சபைக்கும் செயலகத்துக்கும் இடையில் ஒரு சொல்தான் வித்தியாசம். வெயிலில் அது அரை நாள். 1992 இல் பெயர் மாறிய பிறகும் கிழவர்கள் செயலகத்தை ஏ.ஜி.ஏ. (உதவி அரசாங்க அதிபர்) கந்தோர் என்றே சொல்வதில் ஒரு நன்மை உண்டு, அதைச் சபையோடு எவரும் குழப்ப முடியாது.

யாழ் மாவட்டத்தில் இப்படிப் பதினைந்து செயலகங்கள். எதற்குப் போவது? ‘எங்கடை ஊர்க் கந்தோருக்குத்தான்’ என்பது பாமர மதம். பதிவு நிற்பது ஊரில் அல்ல, பிறந்த இடத்தில். காரைநகர்த் தாய் பிள்ளைப்பேறுக்கு மூளாய் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால், பிள்ளை காரைநகர் என்று காலமெல்லாம் மார்தட்டினாலும் அதன் பதிவு சங்கானையில். இணுவில் மக்லியொட் ஆஸ்பத்திரியில் பிறந்தவருக்கு உடுவில், மானிப்பாய் கிறீன் ஆஸ்பத்திரியில் பிறந்தவருக்குச் சண்டிலிப்பாய். தகப்பன் கொழும்பில் கிளாக்காக இருந்த காலத்தில் பிறந்தவர்களின் கதை தனிக் கட்டுரைக்கு உரியது. அவர்களிற் சிலருக்கு அத்தாட்சி சிங்களத்தில் இருக்கும். அதிலே தகப்பன் பெயர் போய்த் திரும்பி வந்த கோலத்தைத் தகப்பனே அடையாளம் காணமாட்டார். 1960 ஜனவரி முதலாந் திகதிக்குப் பின் பிறந்தவர்கள் இந்தப் பகுதியை வாசிக்கத் தேவையில்லை. அவர்களுடைய பதிவுகள் கணினியில் ஏறிவிட்டதால் எந்தச் செயலகத்திலும் எடுக்கலாம். பெரியம்மா 1960 க்கு முன்னவர். வீட்டில், மருத்துவிச்சியின் கையில் பிறந்தவர்.

படிவத்தின் பெயர் பதிவு பி 63. சிறிய படிவம், பெரிய தத்துவம். பதிவு நம்பரும் பதிவுத் திகதியும் தெரிந்தால் எழுதுக என்கிறது. அவை எழுதப்பட்டிருக்கும் இடம் உலகில் ஒன்றே: தொலைந்துபோன அத்தாட்சி. ஆகவே நகல் எடுக்க நகல் வேண்டும். தருக்க நூலார் இதை அந்நியோந்நியாச்சிரயம் என்பார்கள், ஒன்றையொன்று பற்றி நிற்றல். யன்னலுக்கு அப்பால் இருந்த பிள்ளை அதை இன்னும் சுருக்கமாகச் சொன்னாள்.

“நம்பர் இருக்கோ ஐயா?”

“இல்லைப் பிள்ளை. அது துலைஞ்சதாலைதானே வந்தனான்.”

“அப்ப தேடுதல் காசு கட்டுங்கோ.”

நான் வரிசையில் நின்ற காலத்தில், நம்பர் உள்ளவருக்கு ஒரு பிரதி 120 ரூபா, இல்லாதவருக்கு 250. இந்த 250 இன் நுட்பம் கவனிக்கத்தக்கது. அதற்குத் தேடப்படுவது இரண்டு வருடப் புத்தகங்கள் மட்டுமே. அந்த எல்லைக்குள் பிறந்திருக்கவேண்டியது விண்ணப்பதாரியின் கடமை. பெரியம்மாவுக்குத் தன் வருடம் அறுதியாகத் தெரியாது, சாதகத்திலும் அந்த இடம் செல்லரித்திருந்தது. மாதம் பங்குனி, நட்சத்திரம் பூரம், ‘பெரிய புயலுக்குப் பிறகு’ என்பவை மட்டும் சந்தேகத்துக்கு அப்பாற்பட்டவை. பங்குனிக்கும் பூரத்துக்கும் படிவத்தில் கூடு இல்லை.

இப்போது பாடபேதத்துக்கு வருவோம். பதிப்பியலில் மூலம் என்று ஒன்று உண்டு. எங்கள் வீடுகளில் ‘ஒறிஜினல்’ என்று பிளாஸ்ரிக் உறைக்குள் வைத்துப் பூசிக்கப்படுவது உண்மையில் ஒரு பிரதி. மூலம் கந்தோரில் இருக்கும் தடித்த புத்தகம். அந்தப் புத்தகமும் இருபடியாக எழுதப்படுவதால், எழுதியவரின் கை இரண்டாம் முறை சற்றே சோர்ந்திருந்தால் மூலத்துக்கே பேதம் வந்துவிடும். ஒருவரை இராசேஸ்வரி, இராஜேஸ்வரி, ராஜேஸ்வரி என்று மூன்று ஆவணங்கள் சொல்லும். தமிழறிஞர் இதை வடவெழுத்து நீக்கிய பாடம், நீக்காத பாடம் என்று இரசிக்கலாம். விசா அதிகாரிக்கு இவர்கள் மூன்று பெண்கள். இதன் பிறகு சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் என்னும் உரையாசிரியரிடம் போகவேண்டும். ழகரத்துக்கு எல் போடுவதா இசட் எச் போடுவதா என்பதில் அவர்களுக்குள் பள்ளிகள் உண்டு. எண்சாத்திரம் பார்த்து இடையில் ஓரெழுத்தைக் கூட்டிக்கொண்டவர்கள் சட்டத்தின் 27 ஆம் பிரிவின்படி அதையும் பதியலாம். அப்போது பழைய பெயர் அழிக்கப்படாமல் இருந்த இடத்தில் இருக்க, புதிய பெயர் கடைசிக் கூட்டில் ஏறும். இடைச்செருகலை இத்தனை நேர்மையாகக் காட்டும் பதிப்பு நம்மிடம் குறைவு.

அத்தாட்சியில் ஒரு கூடு மட்டும் என்னைச் சிரிக்க விடவில்லை. தமிழ்நாட்டுச் சான்றிதழ் தாய் தகப்பனோடு நின்றுவிடும். எங்களுடைய பழைய அத்தாட்சி பாட்டனாரைக் கேட்கும்: அவர் இலங்கையில் பிறந்தவராயின் முழுப்பெயர், பிறந்த வருடம், இடம். தகப்பன் இங்கே பிறக்கவில்லையென்றால் பூட்டனாரையும் கேட்கும். பிறந்து பத்து நாளான குழந்தையிடம் பூட்டனின் பிறந்த ஊரை ஏன் கேட்கிறார்கள் என்று எங்கள் பக்கத்தில் எவரும் யோசிப்பதில்லை. எங்களுக்கு அது பரம்பரையைச் சொல்லிப் பெருமைப்பட இன்னுமோர் இடம். ஒரு மூச்சில் எழுதிவிடுவோம். இதற்கு உரை 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தில் இருக்கிறது. தகப்பன் இங்கே பிறந்தாரா, இல்லையேல் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்களா என்பதே அதன் அளவுகோல். தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறித்த மலையகத் தமிழரிற் பெரும்பாலோர் நாடற்றவரானது அந்தச் சட்டத்தால்தான். அவர்களுக்கு வாசலாக நின்ற கேள்வியை நாங்கள் கோடு போட்டோ பெயர் எழுதியோ கடந்து போகிறோம். பெரியம்மாவின் அத்தாட்சிக்கு அலைந்தபோது எனக்கும் இது உறைக்கவில்லை, பிறகுதான் தோன்றியது.

சிதைந்த ஏடுகள் பற்றியும் சொல்லவேண்டும். 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சிப் பக்கம் நடந்த இரவில், சனத்தின் கையில் எது இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். சொப்பிங் பை ஒன்று. அதற்குள் காணி உறுதி, அத்தாட்சிகள், ஓ.எல். பெறுபேறு. நகையைப் புதைத்துவிட்டு வந்தவர்கள் உண்டு. பைலைப் புதைத்தவரை நான் கேள்விப்படவில்லை. அந்தப் பையோடு பத்து இடம் பெயர்ந்தவர்கள், சொந்த வீட்டுக்குத் திரும்பி அலுமாரி வாங்கிய பிறகுதான் அத்தாட்சிகளைத் தொலைத்தார்கள் என்பது இவ்வாய்வின் துணை முடிபு. பதிவே இல்லாதவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் என்று ஒன்று உண்டு. ‘நீ பிறந்திருக்கக்கூடும்’ என்று அரசாங்கம் ஒப்புக்கொள்ளும் பத்திரம் அது.

ஆறு மாதக் கோட்பாட்டையும் விட்டுவிட முடியாது. ஆறு மாதத்துக்குள் எடுத்த பிரதிதான் செல்லும் என்று வங்கிகளும் பாடசாலைகளும் நெடுங்காலமாகக் கேட்டு வருகின்றன. அத்தாட்சிக்குக் காலாவதி இல்லை என்று பதிவாளர் நாயகம் திணைக்களமே அறிவித்தும் இந்த மதம் அழியவில்லை. ஒருவர் போன வருடம் பிறந்த திகதியில் இந்த வருடமும் பிறந்தாரா என்பதை உறுதிசெய்வதே இதன் நோக்கமாகலாம்.

மூன்றாம் நாள் பிரதி கிடைத்தது. தகப்பன் பெயர் சரி, தாய் பெயர் சரி, பிறந்த இடம் சரி, பால் பெண். பெயர்க் கூட்டில் ஒரு கோடு. பெயர் வைக்கு முன் பதிந்திருக்கிறார்கள். வெற்றியோடு கொண்டுபோய்ப் பெரியம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு இரண்டு முறை வாசித்தார்.

“நேரம் போடேல்லையோ?”

“அது போடமாட்டினம் பெரியம்மா.”

“அப்ப இந்தத் திகதிக்கு என்ன நட்சத்திரம் எண்டு பார்.”

பேரன் கைத்தொலைபேசியில் திகதியைத் தட்டினான். கார்த்திகை என்று வந்தது. பெரியம்மா தாளை மடித்து என் கையில் திரும்ப வைத்தார்.

“நான் பூரமடா. இது எனக்கு முந்திப் பிறந்த அக்கா. மூண்டு மாசத்திலை போட்டுது.” கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “அவளுக்கும் பதிஞ்சிருக்கினம் பார்.”

அந்தத் தாளை அவர் பிறகு திருப்பி வாங்கி, தன் சாதகத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டார். நான் அடுத்த நாட் காலை எட்டரைக்கு இன்னொரு பி 63 உடன் வரிசையில் நின்றேன். அடுத்த இரண்டு வருடம், 250 ரூபா.